கம்பி அறுந்து செத்தா அது விதி இல்லீங்க

மழைக்காலம் வந்தாலே பேப்பர்ல ஒரு மூலையில அந்தச் செய்தி வந்துடும். அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து விவசாயி பலி. கூடவே மாடும் செத்திருக்கும். படிக்கிறவங்க "பாவம், பார்த்துப் போயிருக்கலாம்"னு பக்கத்தைத் திருப்பிடுவாங்க. அந்த "பார்த்துப் போயிருக்கலாம்" மேலதாங்க எனக்குக் கோவம்.

விடியறதுக்கு முன்னாடி மும்முனை கரண்ட் வருதுன்னு மோட்டார் போட ஓடுறவன், தண்ணி நிக்கிற வரப்புல கிடக்குற கம்பியை எப்படிங்க பார்ப்பான்? வயக்காட்டுக்கு மேல போற கம்பி தரையில இருந்து 4.6 மீட்டராவது, அதாவது 15 அடி, உயரத்துல இருக்கணும்னு விதி. எங்க பக்கம் வைக்கோல் வண்டி போகும்போது, மேல ஒருத்தர் நின்னு கவைக்கம்பால கம்பியைத் தூக்கி விடுவார். இதை நாங்க பழகிட்டோம். பழகினதுதான் தப்பு.

லைன்மேனை நான் குறை சொல்லல. ஒரே ஆள் நாலஞ்சு ஊரைப் பார்க்கிறார். அவங்களும் கம்பத்துல உயிரை விடறாங்க.

சாவு விழுந்தா நிவாரணம்னு ஒரு தொகை தருவாங்க. வீட்டுக்காரங்க அதை வாங்கிக்கிட்டு, கும்பிட்டுட்டு வந்துடறாங்க. அது தர்மம் இல்லீங்க, அவங்க நமக்குத் தர வேண்டிய பாக்கி.

1997-ல மத்தியப் பிரதேசத்துல ராத்திரி சைக்கிள்ல வீட்டுக்குப் போன ஒரு தொழிலாளி, மழைத்தண்ணியில கிடந்த கம்பி பட்டு இறந்துட்டார். யாரோ திருட்டுத்தனமா கரண்ட் எடுக்கப் போட்ட கம்பி, நாங்க பொறுப்பில்லைன்னு அந்த ஊர் மின்வாரியம் சொல்லுச்சு. 2002-ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஆபத்தான பொருளை வச்சுத் தொழில் செய்யறவங்க, அதனால உயிர் போனா ஈடு கொடுக்கணும், அஜாக்கிரதையா இருந்தாங்களான்னு நிரூபிக்க வேண்டியதில்லைன்னு சொல்லிருச்சு.

அப்புறம் ஏன் நம்ம சனம் தோத்துப் போகுது? கையில காகிதம் இல்லாமத்தான். சம்பவமே அப்படி நடக்கலைன்னு எதிர்த்தரப்பு மறுத்தா, ரிட் மனு செல்லாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னு 1999-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அங்க சாட்சி கேப்பாங்க. அந்த வழக்கையும் இறந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

அதனால டவுன்ல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்றேன். ஊர்ல யார் வீட்ல இப்படி நடந்தாலும், கம்பியை இழுத்துக் கட்டறதுக்குள்ள தள்ளி நின்னு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை ரெண்டும் இல்லாம அடக்கம் பண்ண விடாதீங்க. மின் ஆய்வாளர் விசாரிச்ச அறிக்கையைக் கேட்டு வாங்குங்க. வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வைப்பாங்க.

முக்கியமா, கம்பி தொங்கும்போதே கரண்ட் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்க. வாய்ல சொன்னது கோர்ட்ல நிக்காது.

கம்பியை இழுத்துக் கட்டற செலவைவிட ஒரு விவசாயி உயிர் மலிவா இருக்கிற வரைக்கும் கம்பி தொங்கத்தான் செய்யும். ஒவ்வொரு வீடும் கேட்டு வாங்க ஆரம்பிச்சாத்தான் அந்தக் கணக்கு மாறும்.