ஐந்தாம் வகுப்பின் வருஷக் கணக்கு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், தமிழ்நாட்டுக் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குரூப் போட்டோவுக்கு நிற்கிறார்கள். நடுவில் தலைமையாசிரியர், இரு பக்கமும் எண்ணெய் வழிய வாரிய தலைகள். பிறகு ஒரு மிட்டாய், நாலு வார்த்தை புத்திமதி, கைதட்டல். அத்தோடு ஐந்து வருஷப் பள்ளி வாழ்வு முடிந்தது. மே மாதம் கழிந்தால் வேறு பள்ளி, வேறு ஆசிரியர். பிள்ளையோடு கூடப் போவது மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான்.

அந்தச் சான்றிதழில் பெயர் உண்டு; பிறந்த தேதி உண்டு; அங்க அடையாளம்கூட உண்டு. வலது கன்னத்தில் மச்சம் என்று குறித்து வைக்கிற பள்ளி, வகுத்தல் கணக்கில் இந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று குறிப்பதில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு எது உபயோகப்படும்? மச்சமா, வகுத்தலா?

மளிகைக் கடைக்காரர்கூட வருஷ முடிவில் பேரேட்டைப் புரட்டி, வரவு எது, நிலுவை எது என்று பார்க்கிறார். ஒரு வகுப்பு தன் வருஷத்தைத் திரும்பிப் பார்க்காமல் கலைந்து போவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இருநூறு நாள்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்று வரையறுத்தது. இந்த 800 மணி எப்படிக் கழிந்தது என்பதை அறிந்தவர்கள் ஆசிரியரும் பிள்ளைகளும்தான். ஆசிரியர் பதிவேட்டில் எழுதுகிறார். பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பல விஷயங்கள் வெளியே வரும். அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு அந்தச் சட்டம் விதித்தது இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது, ஒன்றாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக்கொடுப்பது ஐந்தாம் வகுப்புச் சட்டாம்பிள்ளைதான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கப்பட்டது. அதன்பின் சின்னப் பிள்ளைகளைக் கை கழுவ வைத்து, வரிசையில் உட்கார வைக்கும் வேலையும் பெரிய வகுப்பின் தலையில் ஏறியது. இந்தப் பொறுப்பை ஒரு பத்து வயதுப் பெண் வருஷம் முழுவதும் சுமந்திருப்பாள். அதற்கு எந்த மதிப்பெண் பட்டியலில் கட்டம் இருக்கிறது?

வரவு இப்படி என்றால் நிலுவையும் உண்டு. தைப் பொங்கல் கழிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். இன்னொரு பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும். புத்தகத்தின் வேறு பக்கத்தைக் காட்டினால் எழுத்துக் கூட்டத் திணறும். இது வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும். புதுப் பள்ளிக்குத் தெரியாது. தெரியவரும்போது ஆறாம் வகுப்பில் பாதி வருஷம் போயிருக்கும். வாய் திறக்கக் கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போகும் பிள்ளை, பிறகு பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவதும் உண்டு.

பரீட்சை போதுமா?

"இதற்குத்தான் பரீட்சை இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைப்பதாக 2019 செப்டம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரியில் ஆணை ரத்தாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் 'பெயில்' என்று முத்திரை குத்தாமல் விட்டது நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியபோதும், தமிழகம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்றே அறிவித்தது.

ஆனால் பெயில் இல்லை என்பதற்குக் கவனிப்பு இல்லை என்று அர்த்தம் ஆகிவிடக் கூடாது. பிள்ளையைத் தடுத்து நிறுத்தாமல் மேலே அனுப்புகிற பள்ளிக்கு, அது எந்த நிலையில் போகிறது என்று சொல்லி அனுப்பும் கடமை இரட்டிப்பாகிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். நோக்கம் உயர்ந்தது. எனினும் நூற்றுக்கு 70 என்ற எண்ணைப் பார்த்து, மீதி முப்பது எங்கே போயிற்று என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ஒரு தாள் போதும்

ஏற்கெனவே பதிவேடும் புள்ளிவிவரமுமாகத் தவிக்கும் ஆசிரியருக்கு இன்னொரு வேலையா என்ற ஆட்சேபம் நியாயமானதே. இதற்குப் புது இலாகாவும் வேண்டாம், படிவமும் வேண்டாம். கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். வகுப்பு வட்டமாக உட்காரட்டும். ஜூனில் தெரியாமல் இருந்து இப்போது தெரிந்தது என்ன? இன்னும் வராதது என்ன? யார் கைகொடுத்தார்கள்? எந்த நாளில் பள்ளிக்கு வரவே பிடிக்கவில்லை, ஏன்? முதலில் பேசட்டும், பிறகு ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். எழுத வராத பிள்ளை சொல்ல, தோழன் எழுதட்டும்.

பிள்ளைகள் "சார் நல்லவர், பள்ளி அழகானது" என்று முகஸ்துதி எழுதிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாகக் கேட்டால் புகழ்ச்சிதான் வரும். குறிப்பாகக் கேட்டால், "கடன் வாங்கிக் கழிக்க இன்னும் வரவில்லை" என்று பிள்ளை தயங்காமல் சொல்லும். சொன்னதற்காக ஏச்சு விழாது என்ற உறுதி மட்டும் வேண்டும். ஆசிரியருக்கும் இதில் லாபம் உண்டு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தான் வேகமாக நடத்திய பாடம் எது, தன்னை அறியாமல் ஒதுக்கிய பிள்ளை எது என்பது அந்தத் தாள்களில் தெரிந்துவிடும்.

அந்தத் தாளின் கீழே ஆசிரியர் இரண்டு வரி சேர்த்து, சான்றிதழோடு இணைத்து அனுப்பட்டும். ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஜூன் முதல் வாரத்தில் அதைப் படிக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோர், சுவருக்கு வெள்ளையடித்தாயிற்றா என்று கேட்கிற கூட்டத்திலேயே, தாள்கள் போய்ச் சேர்ந்தனவா என்றும் கேட்கட்டும்.

குரூப் போட்டோ எடுப்பதில் தப்பில்லை. அது வீட்டுச் சுவரில் தொங்கட்டும். பிள்ளையின் கையெழுத்தில் உள்ள அந்த ஒரு தாள் புதுப் பள்ளியின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.