பஸ் புறப்பட்டால் எல்லா பிள்ளைகளும் ஏறட்டும்!

வடசென்னையில் ஒரு போலீஸ் நிலையம். மாலை 6 மணி. "இன்னைக்கு என்ன கேஸ்?" என்று கேட்க வழக்கம்போல உள்ளே போனேன்.

பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். 9-ம் வகுப்பு. பள்ளிச் சீருடை கூட மாற்றவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் மளிகைக் கடை அண்ணாச்சி. பால் பாக்கெட் வாங்க வந்த பையன், கல்லாவில் இருந்து 500 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து விட்டான் என்பது புகார்.

ஏட்டு அதட்டினார். "எதுக்குடா எடுத்தே? சினிமாவா, செல்போனா?"

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"டூருக்கு சார். நாளைக்குதான் கடைசி நாளு. கிளாஸ்ல நானும் இன்னும் நாலு பேரும்தான் குடுக்கல. தெனமும் பேரைப் படிக்கிறாங்க சார்."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "கேஸெல்லாம் வேண்டாம்யா. ரூவா கெடைச்சிட்டு. புள்ளைய வீட்டுக்கு அனுப்பிருங்க."

பையன் போய் விட்டான். எனக்குச் செய்தி கிடைக்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

திருடியது தப்பு. அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் ஒரு பையனை அந்தப் பெஞ்சில் கொண்டு வந்து உட்கார வைத்தது எது? மாமல்லபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா!

'காய்ச்சல்' லீவு

வாசகர்களே, உங்களில் பல பேருக்கு இது தெரிந்த கதைதான். பணம் கொடுத்தவன் பேருக்கு நேரே 'டிக்' விழும். கொடுக்காதவன் எழுந்து நிற்க வேண்டும். டூர் அன்றைக்கு அவனுக்குக் 'காய்ச்சல்' வந்து விடும். மறுநாள் எல்லோரும் கடற்கரைக் கோவிலைப் பற்றியும், அலையில் நனைந்ததைப் பற்றியும் பேசுவார்கள். அவன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருப்பான்.

நானும் அந்தக் காய்ச்சலில் படுத்தவன்தான். அப்பா அப்போது லோடுமேன். கேட்டால் எங்கேயாவது கடன் வாங்கிக் கொடுத்திருப்பார். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

ஏழைப் பிள்ளைக்கு மட்டும் தனியாகத் தர்மம் திரட்ட வேண்டாம். வகுப்புக்கு ஒரே உண்டியல், ஒரே கணக்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. பஸ் புறப்பட்டால் எல்லோரும் ஏற வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

முடியுமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ரூ.20 ஆயிரம் எப்படி வரும்?

ஒரு வகுப்பில் 40 பேர். தலைக்கு ரூ.500. மொத்தம் ரூ.20 ஆயிரம். இதில் பெரும் பங்கு பஸ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்க 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அதையும் சேர்த்து வசூலித்தால் பெற்றோர் கேள்வி கேட்கலாம்.

முதலில் உண்டியல். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வையுங்கள். முடிந்தவன் வாரம் 10 ரூபாய் கவரில் போட்டு, பேர் எழுதாமல் உள்ளே போடட்டும். முடியாதவன் வெறும் கவரைப் போடட்டும். பாதிப் பேர், அதாவது 20 பேர் போட்டால் கூட 30 வாரத்தில் ரூ.6 ஆயிரம் சேர்ந்து விடும். அந்தக் காலத்தில் பள்ளிகளில் 'சஞ்சாயிகா' என்று சிறுசேமிப்பு இருந்தது. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, பழைய பேப்பர். நீங்கள் படித்து முடித்து மடித்து வைக்கும் இந்தப் பேப்பரும் அதில் சேர்த்திதான். ஒரு பிள்ளை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மாதம் 5 கிலோ சேர்த்தால், 40 பேருக்கு 200 கிலோ. கிலோவுக்கு 10 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக் கொள்வோம். மாதம் ரூ.2 ஆயிரம். மூன்று மாதத்தில் ரூ.6 ஆயிரம். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே மாதிரி சுமக்கிற வேலை இது.

மூன்றாவது, ஆண்டு விழா ஸ்டால். அம்மாக்கள் கைப்பக்குவத்தில் சுண்டல், கொழுக்கட்டை, நீர்மோர். வருஷக் கடைசியில் மீந்த நோட்டுகளின் வெள்ளைத் தாள்களைப் பிள்ளைகளே தைத்து 'ரப் நோட்டு' ஆக்கி அங்கேயே விற்கலாம். சாமான் செலவு போக ரூ.3 ஆயிரம் நின்றால் போதும்.

ஆக ரூ.15 ஆயிரம். பாக்கி ரூ.5 ஆயிரம்? கடைத்தெருவில் 10 கடைக்காரர்கள் ஆளுக்கு ரூ.500. பள்ளி ரசீதோடு! 'இந்த வகுப்பு டூர் போக உதவியவர்கள்' என்று ஆண்டு விழா மேடையில் ஒரு நன்றி. கணக்கு சரியாகி விட்டது.

ரசீது இல்லையா? காசும் இல்லை!

கிரைம் நிருபர் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. தயவு செய்து பிள்ளைகளிடம் வசூல் நோட்டைக் கொடுத்து சிக்னலுக்கும் மின்சார ரெயிலுக்கும் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடம் பேரைச் சொல்லி வசூல் செய்து ஏமாற்றுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். யார் அசல், யார் போலி என்று பஸ்சில் நிற்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? வசூலுக்குப் போன பெண் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பதில் சொல்வது?

தனி ஆள் செல்போன் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பெட்டியைத் திறப்பதும் எண்ணுவதும் அவர்கள் முன்னால் நடக்கட்டும். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பேர் பட்டியலை மட்டும் ஒட்டாதீர்கள்!

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

செலவைக் குறைக்க வழி உண்டு. ரெயிலில் கல்விச் சுற்றுலா போகும் மாணவ-மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பிலும், தூங்கும் வசதி வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது. தலைமை ஆசிரியர் முன்கூட்டியே சலுகைப் படிவத்தை வாங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். பல பள்ளிகள் கேட்பதே இல்லை.

தூரமாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. 1851-ல் தொடங்கிய எழும்பூர் மியூசியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மின்சார ரெயிலிலேயே போகலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம். சென்னையிலேயே பிறந்து இதில் ஒன்றைக் கூடப் பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆனால் வண்டியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 20 பேர் ஏறும் வேனில் 40 பேரைத் திணிக்காதீர்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம். 2022-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி இரவு, எர்ணாகுளம் மாவட்டத்தில் இருந்து ஊட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசு பஸ்சின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் மாணவ-மாணவிகள். அதிவேகம்தான் காரணம். தகுதிச் சான்று, பர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நாலையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி கேட்டது

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். அண்ணாச்சி பொட்டலம் மடித்துக் கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்தப் பய டூருக்குப் போனானா?"

"போகலை அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஐநூறு ரூவாதானய்யா? பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

தெருவுக்குத் தெரு இப்படி ஒரு அண்ணாச்சி இருக்கிறார். கொடுக்க மனசு இருக்கிறது. முறையாகக் கேட்கத்தான் ஆள் இல்லை. அடுத்த டூர் நோட்டீஸ் எழுத உட்காரும் ஆசிரியர்களே, "கடைசி நாள்" என்று எழுதுவதற்கு முன்னால் கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.