ஜேர்மானியர் மேசையும் நமது தவறணையும்

ஜேர்மனியிலும் அதன் அயல்நாடுகளிலும் குடியேறி வாழும் நம்மவர் சிலர், விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் ஒரு வாதத்தைத் தவறாது கூறக் கேட்கின்றோம். ‘அங்கே பெற்றோர் மரநிழலில் அமர்ந்து பியர் அருந்துகின்றனர், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடுகின்றனர். அந்நாடு கெட்டா போயிற்று? நீங்கள்தாம் மதுவைப் பாவமென்று ஒளித்து வைத்துக் கெட்டீர்கள்’ என்பது அவ்வாதம். பழைய மாணவர் விருந்துகளிலும் இப்பேச்சு எழுவதுண்டு. இதனை நகைத்துத் தள்ளுதல் எளிது. ஆயினும் தள்ளத் தக்கதன்று. அதில் அரைப்பங்கு உண்மை உண்டு. எஞ்சிய அரைப்பங்கைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஜேர்மானியரின் பியர் வழக்கம் வரம்பற்ற குடியில் விளைந்ததன்று, வரம்புகளில் விளைந்தது. 1516ஆம் ஆண்டு பவேரியாவை ஆண்ட பிரபுக்கள் வில்ஹெல்மும் லுட்விக்கும் ஒரு கட்டளை பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹொப் மலர், நீர் என்னும் மூன்றனையன்றிப் பிறிதெதனையும் பியரிற் சேர்த்தலாகாது என்றது அக்கட்டளை. அதனை அந்நாட்டார் இன்றும் பெருமையோடு பேசுவர். ஆனால் அதே கட்டளை, குளிர்காலத்தில் ஒரு ‘மாஸ்’ அளவுக்கு ஒரு பெனிக்கும், கோடையில் இரண்டு பெனிக்கும் என்று உச்ச விலையையும் விதித்தது என்பதைப் பலர் மறந்துவிடுவர். குடிப்பவனைக் கொள்ளையடிக்கவும் கூடாது, அவனுக்கு நஞ்சூட்டவும் கூடாது என்று அரசு கருதியதாகவே நாம் கொள்கின்றோம்.

மியூனிக் நகரத்துப் பியர்த் தோட்டங்களின் கதை இன்னும் சுவையானது. பியரைக் கோடையிலும் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டி நிலவறைகள் அகழ்ந்து, அவற்றின் மேல் நிழலுக்காகச் செஸ்நட் மரங்களை நட்டனர். நாளடைவில் அந்நிழலிலேயே மேசைகளை இட்டுப் பியர் விற்கவும் தொடங்கினர். சாப்பாட்டு விடுதிக்காரர் தம் வணிகம் கெடுகின்றதென்று முறையிட்டனர். 1812ஆம் ஆண்டு அரசன் முதலாம் மாக்ஸிமிலியன் யோசேப், ‘பியர் விற்கலாம், ரொட்டியன்றி வேறு உணவு விற்றலாகாது’ என்று தீர்ப்பளித்தான். அதனால் மக்கள் வீட்டிலிருந்தே உணவு கொண்டு வரலாயினர். இன்றும் அத்தோட்டங்களில் விரிப்பில்லாத மேசைகளில் அவரவர் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்ணலாம். 1999ஆம் ஆண்டு பவேரிய அரசு இயற்றிய விதிகளும் இவ்வழக்கத்தைப் பியர்த் தோட்டத்தின் இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டன. இரவு 10 மணிக்கு இசையை நிறுத்தவேண்டும் என்றும் விதித்தன.

இவையன்றி ‘ஸ்டம்டிஷ்’ என்றொரு வழக்கமும் உண்டு. குறித்த நாளில், குறித்த விடுதியில், அதே நண்பர் அதே மேசையிற் கூடுவர். பிறர் அங்கு அமரத் துணியார். எல்லோருக்கும் குவளை வரும் வரை ஒருவன் முந்திக் குடித்தல் பண்பன்று. குவளையைத் தட்டும்போது எதிரிலிருப்பவன் கண்ணை நோக்குதல் வேண்டும். வாராதவனைக் குறித்து மற்றவர் கேட்பர். நாம் பொறாமைப்படுவது இந்த மேசையைக் கண்டுதான், குவளையைக் கண்டன்று.

அந்த மேசையிலும் இருள் உண்டு. மியூனிக் நகரத்துப் பெயர்பெற்ற ஹொவ்பிராய்ஹவுஸ் மண்டபத்திலேதான் 1920ஆம் ஆண்டு ஹிட்லர் தம் கட்சியின் கொள்கைகளை அறிவித்தார். 1923ஆம் ஆண்டு அவர் ஆட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்டதும் அந்நகரின் மற்றொரு பியர் மண்டபத்திலிருந்தே. கூடியிருந்து குடிப்போர் எல்லோரும் நல்லதையே பேசுவர் என்று எண்ணுதல் பேதைமை. மேலும் அந்நாட்டவரே இப்போது பியரைக் குறைத்து வருகின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆண்டொன்றுக்கு ஆள் ஒருவருக்கு 140 லீற்றருக்கும் மேலிருந்த அளவு, இன்று 100 லீற்றருக்கும் கீழே இறங்கிவிட்டது. நம்மவரோ அவர்கள் எழுந்துபோகும் ஆசனத்தைத் தேடி ஓடுகின்றனர்.

இனி நமது கதைக்கு வருவோம். தமிழர் கூடியுண்ணாத மக்களல்லர். கிடைத்த கள்ளைத் தன்னுடன் பகிர்ந்துகொண்ட பண்பையே, அதியமான் இறந்தபின் ஔவையார் புறநானூற்றில் முதற்கண் நினைந்து இரங்குகின்றார். திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலிற் சூதுக்கு முன்னே வைத்தமை சிந்திக்கத் தக்கது. அது தனியொருவனின் ஆன்மாவை மட்டும் பற்றியதன்று, குடியின் பொருளையும் மதிப்பையும் பற்றியது என்று அவர் கண்டார் போலும்.

ஆனால் மாத்தளைக்கு நம் முன்னோர் வந்தது சங்கப் பாடலின் வழியாகவன்று. மன்னாரிலிருந்து காட்டினூடே தம்புள்ளையைக் கடந்து வரும் வடபாதை வழியாக. கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்த அம்மக்கள் இப்பாதை நெடுகிலும் நோயாலும் பசியாலும் மாண்டனர். உயிரோடு வந்து சேர்ந்தோரின் கூலியைக் குறிவைத்துத் தோட்டப் பகுதிகளெங்கும் சாராயத் தவறணைகள் எழுந்தன. சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு குத்தகைக்கு ஏலமிட்டது. குத்தகைக்காரர் பெருஞ்செல்வராயினர், அரசின் திறைசேரி நிறைந்தது. 1881ஆம் ஆண்டு நுவரெலியாவில் எழுந்த பியர்த் தொழிற்சாலையின் பண்டம் துரைமாரின் கிளப்புக்குப் போயிற்று. கூலிக்காரனுக்குச் சாராயமே வந்தது.

அத்தவறணையின் அமைப்பைக் கவனியுங்கள். அங்கே மேசை இல்லை; பலகைத் தட்டும் அதன் பின்னால் விற்பவனுமே உண்டு. நின்றபடி ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வெளியேற வேண்டும், அடுத்தவன் காத்திருக்கின்றான். உணவில்லை, பெண்டு பிள்ளைகள் இல்லை, பேச்சுக்கும் நேரமில்லை. ஜேர்மானியன் ஒரு லீற்றர் பியரை ஒரு மணி நேரம் வைத்திருப்பான். அதன் வீரியம் நூற்றுக்கு ஐந்து அளவினது. நம்மவன் அருந்தும் சாராயமோ நூற்றுக்கு முப்பதுக்கு மேல். இவ்விரண்டையும் ‘குடி’ என்ற ஒரே சொல்லால் அழைத்து, ‘அவன் கெடவில்லையே’ என்று கேட்பது நியாயமாகுமா?

இதனை எதிர்த்தோரும் இருந்தனர். 1904இலும் மீண்டும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் இந்நாட்டிற் பெருகி எழுந்தது. சாராயமும் கள்ளும் தனித்தனியே விற்கப்படுமாறு அரசு தவறணைகளைப் பெருக்க முற்பட்டதே இரண்டாம் எழுச்சிக்குக் காரணம். அதில் முன்னின்ற எப்.ஆர். சேனநாயக்கா, டி.எஸ். சேனநாயக்கா, டி.பி. ஜயதிலக்கா ஆகியோர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையிலிடப்பட்டனர். ஆயினும் தவறணை நிலைத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டம்தான். சம்பள நாளன்று மாலை தோட்டத்து வழியே நடந்து பார்ப்பவர் அச்சட்டம் எதனைத் தொடவில்லை என்பதை அறிவர். தந்தை தள்ளாடி வரும் ஓசை கேட்டுப் புத்தகத்தை மூடி வைக்கும் மாணவர் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று.

மேடையேறி மதுவை ஏசுவோரிடமும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. (அவருட் சிலர் மாலையிற் கதவை மூடிக்கொண்டு என்ன செய்கின்றனர் என்பதை விட்டுவிடுவோம்.) பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவில் ஆறு பேர் வாழும்போது, வேலை முடித்து வந்தவன் எங்கே அமர்வான்? யாருடன் பேசுவான்? கோவில் முற்றம் திருவிழாக் காலத்தில் நிறைகின்றது. மாசிமகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களையும் இழுக்க ஊரே திரள்கின்றது. மற்றைய நாட்களின் மாலைப்பொழுதுக்கு அவனுக்கென உள்ள இடம் தவறணை ஒன்றே. அதனை மூடு என்று சொல்பவர், வேறொரு கதவைத் திறந்தும் காட்ட வேண்டாவோ?

தோட்டந்தோறும் ஒரு வாசிகசாலை, அதில் நல்ல விளக்கு, செய்தித்தாள், கெரம் பலகை, பெண்களும் கூச்சமின்றி வந்தமரக்கூடிய வாங்குகள், சூடான தேநீர்: இவ்வளவே நாம் வேண்டுவது. தம் கையாற் கொழுந்து பறிப்போர் நல்ல தேயிலையை ஒரு மேசையில் அமர்ந்து அருந்தட்டும். பொன்விழா மலர்களுக்கும் வளைவுகளுக்கும் செலவிடும் பழைய மாணவர்க்கு இஃது ஆகாத காரியமன்று. ஆண்டுக்கு ஒரு தோட்டம் என்று தொடங்கினும் போதும்.

நமது விருந்தில் பியர் வைக்கலாமா என்ற கேள்விக்கு எமது விடை, வேண்டா என்பதே. பாவமென்று அஞ்சியன்று; அவ்விருந்தில் பரிமாறும் மாணவன் எந்த வீட்டிலிருந்து வருகின்றான் என்பதை அறிந்திருப்பதால். ஜேர்மானியரிடம் கடன் வாங்கியே ஆகவேண்டுமென்றால் மேசையை வாங்குவோம். ஆடவர் மட்டும் கூடாமல், மனைவி மக்களோடும் முதிய பெற்றோரோடும் நீண்ட மேசைகளில் அமர்வோம். செலவு மிகும் என்று பொருளாளர் கவலைப்படுவாராயின், அவரவர் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வரலாம். மியூனிக்கிலும் அதுதானே வழக்கம்.