பழைய காரும் ஓம் விதியும்

மின்சுற்றுப் படம் வரையும்போது மின்கலத்தையும் விளக்கையும் இணைக்க அளவுகோல் வைத்து ஒரு நேர்க்கோடு இழுக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு மின்தடை கிடையாது என்று நீங்கள் கொள்கிறீர்கள். வினாத்தாள் தயாரிப்பவரும் கொள்கிறார். விடைத்தாள் திருத்தும் எங்களைப் போன்றவர்களும் கொள்கிறோம். கணக்கு சுலபமாக முடிந்துவிடுகிறது. ஆனால் பழுது பெரும்பாலும் குடியிருப்பது அந்தக் கோட்டில்தான். இதைக் கற்பிப்பதில் நம் ஆய்வுக்கூடத்தைவிட ஒரு பழைய மோட்டார் கார் மேலான ஆசிரியர் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தயாராயிற்று. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. இன்றும் பலர் அவற்றைப் பேணி ஓட்டி வருகிறார்கள். அதன் மின்கருவிகள் லூகாஸ் நிறுவனத்தாருடையவை. (1961-ல் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையைத் தொடங்கிய அதே லூகாஸ்தான்.) அந்நாட்டுக் கார்ப் பிரியர்கள் லூகாசுக்கு வைத்த கேலிப் பெயர் 'இருளின் இளவரசர்' என்பது! விளக்கு மங்கினாலும், பேட்டரி தீர்ந்தாலும் பழி அவர் தலையில்தான். இது நியாயமன்று என்று நான் எண்ணுகிறேன். 50 ஆண்டு மழையிலும் பனியிலும் நின்ற காரில் செம்பு முனைகள் பச்சை பூத்துப் போகாமல் வேறென்ன செய்யும்? முனையைச் சுரண்டித் துடைக்காமல் புது ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டிவிட்டு, அதுவும் வேலை செய்யவில்லையே என்று திட்டுவது அறிவியல் முறை ஆகாது.

சரி, பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது? இரவு முழுவதும் ஓய்வாக இருந்த பேட்டரியின் முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். 6 அறைகள், அறைக்கு 2.1 வோல்ட், நிறைந்த பேட்டரியானால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பிறகு எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டு, அதே முனைகளில் மறுபடியும் அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஓட்டுநரின் முன்னால் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அதைப் பற்றித்தான். அது வெறும் எச்சரிக்கை விளக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1967-ன் இறுதியில் எம்.ஜி.பி. காரில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. டைனமோவின் காந்தத்தில் மிச்சமிருக்கும் காந்தத்தன்மையே அது மின்சாரம் ஆக்கத் தொடங்கப் போதும். ஆல்டர்னேட்டரின் சுழலிக்கோ வெளியிலிருந்து சிறிது மின்னோட்டம் கொடுத்துத் தொடங்கி வைக்க வேண்டும். அந்த மின்னோட்டம் இந்தச் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் செல்கிறது! சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறது. அதன் வழியே சென்ற ஓர் ஆம்பியரில் சிறு பகுதி சுழலியைக் காந்தமாக்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தன் சுழலிக்குத் தானே மின்னோட்டம் அளித்துக்கொள்கிறது. அப்போது விளக்கின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். மின்னழுத்த வேறுபாடு இல்லை, ஆகவே மின்னோட்டம் இல்லை, ஆகவே விளக்கு அணைகிறது. யாரும் எந்தச் சாவியையும் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அந்த பல்பின் இழை அறுந்துபோனால் என்ன ஆகும்? சிவப்பு விளக்கு எரியவில்லை, எல்லாம் நலம் என்று ஓட்டுநர் நிம்மதியாகச் செல்வார். ஆல்டர்னேட்டரோ விழித்தெழாமல் வீணே சுழன்றுகொண்டிருக்கும். ஆகையால் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பு அந்த விளக்கு எரிந்தே தீர வேண்டும். ஓடும்போது அது மங்கலாக எரிகிறதா? இரு முனைகளுக்கும் இடையே சிறு வேறுபாடு இருக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டரின் உள்ளே ஒரு டையோடு பழுதாகியிருக்கலாம். அல்லது சாவியிலோ கம்பியிலோ எங்கோ தடை ஏறியிருக்கலாம்.

ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 வோல்ட், பேட்டரியின் முனையில் 13.2 வோல்ட். அந்த 1 வோல்ட் எங்கே போயிற்று? நாம் இழுத்த கோட்டில்! 10 ஆம்பியர் செல்கிறதென்றால் ஓம் விதிப்படி வழியிலுள்ள தடை 0.1 ஓம். அங்கே 10 வாட் வெப்பமாக வீணாகிறது. பழுது ஓர் இணைப்பில் மட்டும் இருந்தால் தொட்டாலே சுடும். இந்த 0.1 ஓமைத் தடை அளக்கும் சாதாரண மல்ட்டிமீட்டரால் நேரடியாகக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. மீட்டரின் கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். ஆகவே மின்னோட்டத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாட்டை அளந்துகொண்டே செல்ல வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. அதையும் காரின் உடலையும் இணைப்பது ஒரு பின்னல் பட்டை. எஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால், எந்தப் புது ஆல்டர்னேட்டரும் உதவாது, உப்புத்தாள்தான் உதவும்.

ஒரு பழைய வழக்கத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் மின்னாக்கி நலம் என்று முடிவு செய்வார்கள். டைனமோ காலத்தில் இதைச் செய்து பலர் தப்பித்துக்கொண்டார்கள். ஆல்டர்னேட்டரில் இது விஷப்பரீட்சை. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று குறைந்தால் என்ன நேரும் என்பதை லென்ஸ் விதியில் படித்திருக்கிறீர்கள். மின்னழுத்தம் கணநேரத்தில் பல மடங்கு எகிறும். டையோடுகளும் சீராக்கியும் உயிரை விடும். நல்ல கருவியைச் சோதித்தே கெடுப்பது இது. "இருபது வருஷமா இப்படித்தான் பார்க்கிறோம் சார்" என்பது விடையாகாது, கருவி மாறிவிட்டது.

இதனால்தான் நம் செய்முறைத் தேர்வு முறையில் எனக்குக் குறை உண்டு. எல்லாம் சரியாக உள்ள சுற்றைக் கொடுத்து, முன்பே தெரிந்த விடையை மறுபடியும் வரவழைக்கச் சொல்கிறோம். அதற்குப் பதில் ஒரு மரப்பெட்டியில் மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றும், நான்கு இணைப்புகளும், ஒரு பல்பும் வைத்து, ஏதேனும் ஓர் இணைப்பைத் துருப்பிடித்ததாக அமைத்து, "விளக்கு ஏன் மங்குகிறது?" என்று மட்டும் கேட்டால் என்ன? சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவர் சற்றுத் திணறுவார்தான். திணறட்டும், நேரம் கூட்டிக் கொடுப்போம். பெட்டியை உங்கள் பள்ளி அறிவியல் மன்றமே செய்துவிடலாம், தேர்வுத் துறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்வதாக இருந்தால் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பேட்டரி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீக்குச்சி கூடாது. பேட்டரியின் இரு முனைகளையும் உலோகம் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.