தரை தொடும் நேரம்



2025 நவம்பர் 13 அன்று நண்பகல் வேளையில், திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே சிறிய விமானம் ஒன்று இறங்கிற்று. சேலத்திலிருந்து வந்த செஸ்னா 172 ரகப் பயிற்சி விமானம் அது. வானில் கோளாறு ஏற்படவே, சாலையையே ஓடுதளமாகக் கொள்ள நேர்ந்தது. விமானத்தின் முன்பகுதி சேதமுற்றது. உள்ளே இருந்த இருவரும் காயமின்றித் தப்பினர், அல்ஹம்துலில்லாஹ்.

அண்மையில் இராஜபாளையத்துத் திருமண வீடொன்றில் சந்தித்த சகோதரர், "என் மகன் விமானியாக விரும்புகிறான். இச்செய்திக்குப் பின் அவன் தாயார் சம்மதிக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?" எனக் கேட்டார். அந்தத் தாயின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை அறிந்து அஞ்சுவது நல்லது.

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப்போல விழுந்துவிடுவதில்லை. செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லும். இராஜபாளையத்துக்கு மேல் நாலாயிரம் அடியில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவது ஐயமே. 'இன்னும் கொஞ்சம் போய்விடலாம்' என்று மூக்கைத் தூக்கினாலோ வேகம் குறையும். மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் அளவுக்குக் கீழே வந்ததும் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். அதன் பின்னரே விமானம் உண்மையில் விழுகிறது. தாழ்வான உயரத்தில் அதை மீட்க அவகாசமிராது. ஆகவே, எட்டாத ஓடுதளத்தை மறந்து, எட்டும் இடத்தைத் தேர்ந்தவரே பெரும்பாலும் பிழைக்கிறார். கீரனூர் விமானி செய்ததும் அதுவே என்பது என் கருத்து.

நம் பகுதியில் அவ்வாறு தேர்வது எளிதன்று. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய், மின்கம்பிகள். மதுரைச் சாலையிலோ ஓயாத போக்குவரத்து. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று, அச்சாலையில் இறங்க முயலும் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும்.

எஞ்சின் நன்றாக இருந்தும் நேரும் விபத்துகள் வேறு. 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில், கடும் மழையில் இறங்கிய லியர்ஜெட் 45 தனியார் விமானம் ஓடுதளத்தைவிட்டு விலகி நொறுங்கியது. எண்மரும் உயிர் பிழைத்தது வியப்பே. இறங்குவது சரிப்படாதபோது மீண்டும் மேலெழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு விதி இடமளிக்கிறது. அவசரமும் கௌரவமுமே பலரைத் தடுக்கின்றன.

எனவே அந்தச் சகோதரரிடம் இவ்வாறு கூறினேன்: வணிக விமானி உரிமத்திற்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் பயிற்சிப் பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். எஞ்சின் நின்றதாகக் கொண்டு இறங்கும் பயிற்சியை எத்தனை முறை தருகிறார்கள் எனக் கேளுங்கள். இறங்காமல் மேலெழுந்த மாணவனைக் கடிந்துகொள்கிறார்களா என அங்குள்ள பிள்ளைகளிடமே தனியே விசாரியுங்கள்.

கீரனூரில் விமானத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியதையும் சொல்ல வேண்டும். அவ்வகை விமானத்தின் எரிபொருள், தலைக்கு மேலே உள்ள இறக்கைகளில்தான் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒன்று இறங்க நேர்ந்தால், உள்ளிருப்போரை வெளியேற்றியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தொலைவில் நில்லுங்கள். பீடி பற்றவைக்கும் பெரியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.