மீனுக்கு நாடி பார்ப்பது

ஊரிலிருந்து வந்த பாட்டி பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதும், "குழந்தை இளைத்துவிட்டானே!" என்று கண் கலங்குவாள். அவளுக்குத் தராசு வேண்டியதில்லை; இடுப்பே தராசு. டாக்டரோ அந்தச் சொல்லை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் உயரத்தை அளப்பார். பிறகு நிறுத்துப் பார்ப்பார். இந்த உயரத்துக்கு இந்த எடை தகுமா என்று கணக்கிட்ட பின்னரே வாய் திறப்பார். மலையாறுகளில் திரியும் மீன்களுக்கும் இதே முறையில்தான் தேகநிலை பார்க்கிறார்கள் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சிறிது பொறுத்துச் சிரிக்கலாம்.

குளத்தில் வளர்க்கும் மீன் வீட்டுப் பசுவைப் போன்றது. அது பிறந்த நாளும் தெரியும், தின்ற தீனியும் தெரியும். காட்டாற்று மீனுக்கு ஜாதகம் கிடையாது. அதன் வயது என்ன, வயிறு நிறைந்ததா, நோய் உண்டா என்பதையெல்லாம் அதன் உடலைக் கொண்டே அறிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் வெகு சொற்பம். ஒரு பலகை; அதன் ஒரு முனையில் குறுக்குக் கட்டை; பலகையின் மேல் செண்டிமீட்டர் கோடுகள். மீனின் மூக்கு கட்டையில் முட்டும்படி கிடத்தி, வால் கவைபடும் இடம் வரை அளக்கிறார்கள். வால்நுனி பாறைகளில் உராய்ந்து கிழிந்திருப்பதுண்டு. ஆகையால் கவை வரை அளப்பதே நம்பகமானது. பிறகு ஈர வலையிலிட்டு, சுருள்வில் தராசில் தொங்கவிட்டு நிறுக்கிறார்கள். தொடுகிற கையும் ஈரமாக இருக்க வேண்டும். மீனின் மேலுள்ள வழவழப்பு அதன் கவசம். உலர்ந்த கையால் பிடித்தால் அது வழித்துக்கொண்டு வந்துவிடும், பின்னர் அவ்விடத்தில் பூசணம் பற்றும். அளப்பவர் தம் மூச்சை அடக்கிக்கொண்டு அளக்க வேண்டும் என்றும், தமக்கு மூச்சு முட்டும்போது மீனை நீரில் விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு விதி சொல்வார்கள். இதைக் காட்டிலும் நியாயமான விதியை நான் கேட்டதில்லை.

இனிக் கணக்கு. உருவம் மாறாமல் ஒரு மீனின் நீளம் இரு மடங்கானால், எடை எட்டு மடங்காகிறது. நீளத்தோடு அகலமும் பருமனும் சேர்ந்து வளர்கின்றன அல்லவா? ஆகவே கிராம் எடையை நூறால் பெருக்கி, செண்டிமீட்டர் நீளத்தின் கன அளவால் வகுக்கிறார்கள். ஸ்காட்லாந்து தேசத்தில் மீன்களை ஆராய்ந்த ஃபுல்டன் என்பவரின் பெயரால் வழங்கும் கணக்கு இது. 40 செண்டிமீட்டர் மீன் 640 கிராம் இருந்தால் விடை 1. அதே நீளமுள்ள அதே ஜாதி மீன் 512 கிராமே இருந்தால் விடை 0.8, அது வாடியிருக்கிறது என்று பொருள். ஆனால் விலாங்கையும் கெண்டையையும் இந்தக் கணக்கில் ஒப்பிட்டால் பாவம், விலாங்கு எந்நாளும் நோயாளிதான்! சினை நிறைந்த காலத்துத் தாய் மீனையும், முட்டையிட்டு ஓய்ந்த மீனையும் ஒப்பிடுவதும் பிழையே. எனவே குறிப்பேட்டில் மாதத்தையும் எழுத வேண்டும். செவுளின் நிறம், துடுப்பின் கிழிசல், மேலே ஒட்டிய பேன் ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

வயதை அறியச் செதில் உதவுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்தால், மரத்தின் குறுக்குவெட்டில் காண்பது போல் வளையங்கள் தோன்றும். குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் வளர்ச்சி தடைப்படுவதால், அப்போது வளையங்கள் நெருங்கி விழுகின்றன. நம் ஆறுகளில் அவ்வளவு திட்டமான பனிக்காலம் ஏது? வெள்ளமும் கோடையும் முட்டையிடும் களைப்புங்கூடக் கோடு போட்டுவிடக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் வயது தவறும். ஆகவே மீனுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி விட்டு, மறு வருஷம் அகப்பட்டால் திரும்ப அளந்து சரிபார்க்கிறார்கள். காதினுள் இருக்கும் சிறு கல்லில் இன்னும் தெளிவாக வயது தெரியும். ஆனால் அதை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். அழியும் தறுவாயிலுள்ள ஜாதியை அப்படிச் செய்யலாகாது.

அத்தகைய ஜாதி ஒன்று நம் காவேரியிலேயே இருக்கிறது. முதுகில் திமில் போல் மேடிட்ட மஹசீர் கெண்டை அது. 1946-ஆம் வருஷம் மைசூர் வான் இங்கன் கபினி நதியில் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ. வெள்ளைக்காரத் துரைமார்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். ஆயினும் சாஸ்திரத்தில் இதற்குச் சரியான பெயர் நெடுங்காலம் அமையவில்லை. 2007-ல் கேரளத்து ஆராய்ச்சியாளர்கள் காவேரியின் உபநதியான பாம்பாற்றிலிருந்து ஒரு மஹசீருக்குப் பெயர் சூட்டினார்கள். திமில் மீனும் அதுவேதான் என்று 2018-ல் நிச்சயமாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே பெயரிட இத்தனை காலம்! அதே வருஷத்தில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

இந்த ஆபத்தை எடுத்துக் காட்டியது தராசும் குறிப்பேடுமே. கர்நாடகத்தில் காவேரிக் கரையிலே, தூண்டில்காரர்கள் பிடித்து நிறுத்துத் திரும்ப விட்ட மீன்களின் கணக்கு 1998 முதல் 2012 வரை எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது விசித்திரம். அகப்படும் திமில் மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. சராசரி எடையோ ஏறிக்கொண்டே போயிற்று. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், "மீன்கள் கொழுத்திருக்கின்றன, கவலை இல்லை" என்று சொல்லியிருப்பார். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து வருஷமாகப் புதுக் குழந்தை ஒன்றும் சேரவில்லையென்றால், பிள்ளைகளின் சராசரி உயரம் ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும். உபாத்தியாயர் அதைக் கண்டு மகிழ்வாரா? கிழ மீன்கள் இருந்தன, குஞ்சுகள் வரவில்லை.

அதே ஆற்றில் நீலத் துடுப்பு மஹசீரின் கதை தலைகீழ். லோனாவ்லாவில் பொரித்த குஞ்சுகளை, ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்துடன்தான் காவேரியில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் எண்ணிக்கை பெருகியது, சராசரி எடை குறைந்தது. இளந்தலைமுறை திரண்டு வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சுதேசி மீனின் குறைவுக்கு இந்த விருந்தாளி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அணைகள் வழியை அடைக்கின்றன. வெடி வைத்துப் பிடிப்பவர்கள் தாயையும் குஞ்சையும் ஒருசேர அழிக்கிறார்கள். கூழாங்கல் படுகைகளை மணல் வண்டிகள் கலைக்கின்றன. ஆயினும் மீன் விட்டால் போதும் என்று எந்த மீனையோ எந்த ஆற்றிலோ கொட்டுவதை நான் தேச சேவை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீலகிரியில் பிறந்து முதுமலைக் காட்டின் வழியே ஓடிப் பவானியில் கலக்கும் மோயாற்றில் திமில் மீன் இன்னும் உண்டு. அங்கே பலகையும் தராசும் கொண்டு போகிறவர்கள் தேட வேண்டியது 120 ராத்தல் மீனையல்ல. மழைக்குப் பின், கரையோரத்துக் கூழாங்கற்களிடையே ஒதுங்கி நிற்கும், சுண்டுவிரல் நீளமுள்ள குஞ்சை.