மலைப்புல்லை அழித்துச் சீகை நட்டது யாருக்காக?

‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று பள்ளிக்கூடச் சுவரிலிருந்து சர்க்கார் பஸ் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மரம், எந்த நிலத்தில், யாருடைய லாபத்துக்காக என்பதை மட்டும் எழுதவில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் காடாக நிற்கும் சீகை மரத்தைக் காட்டி அதைத்தான் நாம் கேட்கிறோம்.

தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறு, இந்தச் சீகை வேறு. வாட்டில் என்று வெள்ளைக்காரன் சொன்ன இது அக்கேசியா இனம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி இதன் பிறந்த வீடு. நம் ஊர்க் கருவேலமும் வெள்வேலமும் இதற்குத் தூரத்து உறவுதான். ஆனால் அவை ஏராகவும் வண்டியாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் உழைப்பவனோடு சேர்ந்து வாழ்ந்த மரங்கள். (தாவர சாஸ்திரிகள் 2005-ல் வியன்னாவில் கூடி, அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே வைத்துவிட்டு, கருவேலத்துக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். பெயரிலும் பட்டா மாற்றம்!)

நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் உதகையில் குடியேறிய துரைமார்களுக்குக் குளிர் காய விறகு வேண்டியிருந்தது. பட்டாளத்துக்கும் வேண்டியிருந்தது. அதற்காக ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. மலை உச்சியில் பரந்து கிடந்த புல்வெளி அவர்கள் கண்ணுக்கு வெறும் தரிசு. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த நிலம், அவர்கள் கோயில் கூரைக்குப் புல் அறுத்த நிலம், அது தரிசா? வரி வராத நிலமெல்லாம் துரைக்குத் தரிசுதான். துரை போன பிறகு என்ன நடந்தது? ஐந்தாண்டுத் திட்டங்களின் பேரில் நம் சர்க்காரே அதே கணக்கோடு ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்லின் மேல் சீகையும் கற்பூர மரமும் நட்டது. சீகைப் பட்டை தோல் ஷாப்புகளுக்கு. மரம் ரேயான் கூழுக்கு. தோல் முதலாளிக்கும் ரேயான் முதலாளிக்கும் சரக்கு போயிற்று. மேய்ச்சல் இழந்த தோடருக்கு என்ன போயிற்று?

புல்தானே போயிற்று என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். இந்த மலைகளில் பள்ளத்தாக்கின் மடிப்பில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி; இதுதான் ஆதியிலிருந்து வந்த அமைப்பு. மழைக்காலத்தில் இறங்கும் தண்ணீரைப் புல்லும் அதன் அடி மண்ணும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் ஓடைக்குச் சிறுகச் சிறுக விடும். பனிக்காலத்தில் புல் காய்ந்து படுத்துவிடும், தண்ணீர் கேட்காது. சீகையோ வருஷம் முழுவதும் இலையோடு நிற்கும் மரம். ஆழ வேர் விட்டு வருஷம் முழுவதும் குடிக்கும். உதகை மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் ஒரே மாதிரியான இரண்டு ஓடைப் பள்ளங்களை எடுத்து, ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் வைத்துப் பார்த்தார்கள். முதல் பத்தாண்டிலேயே மரம் வைத்த பள்ளத்தின் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் இன்னும் குறைந்தது.

இது தோடரின் கஷ்டம் மட்டும்தானா? பைக்காரா மின்சாரம் 1932-ல் இறங்கி வந்த பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவென்று எழுந்தன. அந்த மின்சாரம் மலைப்புல் பிடித்து வைத்த தண்ணீரிலிருந்து வந்தது. பவானிசாகர் அணைக்கு நீர் தரும் பவானியும் மாயாறும் நீலகிரியிலிருந்து இறங்குகின்றன. பழனி மலையின் தென் சரிவு வைகைக்கு, வட சரிவு அமராவதிக்கு. அந்தப் பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்கிறது. அந்த இடத்தில் நிற்பவை நட்ட மரங்களும் விவசாயமும். கோடையில் வாய்க்கால் வறண்டு நடவு நின்றால், மிராசுதாரன் பம்புசெட்டை ஆழம் இறக்கிக்கொள்வான். கூலிக்காரன் எதை இறக்குவான்?

இப்போது மரத்துக்கும் பழைய கிராக்கி இல்லை. தோல் பதனிடக் குரோமியம் வந்ததும் பட்டையைத் தேடுவார் குறைந்தார்கள். தேடுவார் இல்லையென்று சீகை நின்றுவிடவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். காட்டுத்தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். வெட்டிய கட்டையிலும் காயம்பட்ட வேரிலும் துளிர் விடும். நடாத மேட்டுக்கும் தானே ஏறிப் போய், வரையாடு மேயும் மிச்சப் புல்லையும் மூடுகிறது.

“அப்படியானால் நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுங்கள்” என்று காண்டிராக்டர் கோடரியோடு வந்து நிற்பான். வேண்டாம் என்கிறோம். சரிவை ஒரேயடியாக மொட்டையடித்தால் மழையில் மண் இறங்கும், வெயில் பட்ட விதையெல்லாம் முளைத்து முன்னைவிட அடர்த்தியாகும். வயதான சீகையின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாக வந்திருக்கின்றன. அவற்றை மிதிப்பது மடத்தனம். மலையில் ஏழைகள் அடுப்பெரிப்பதும் இந்த விறகைத்தான். அதையும் மறக்கக் கூடாது.

இதே மரம் 1864-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. அங்கும் பட்டை வியாபாரம், அங்கும் ஓடைக் கரையெல்லாம் பரவியது. மண்டேலா சர்க்காரில் தண்ணீர் இலாகா மந்திரியாக இருந்த காதர் அஸ்மல் 1995-ல் ஒரு திட்டம் தொடங்கினார். அந்நிய மரங்களை அகற்றித் தண்ணீரை மீட்கும் வேலையை வேலையில்லாத ஏழை ஜனங்களுக்கே, பெண்களுக்கு முன்னுரிமையோடு, கூலிக்குக் கொடுத்தார்கள். கூலி போதவில்லை, வேலை நிரந்தரமில்லை என்ற குறை அங்கும் உண்டு. ஆனாலும் தண்ணீரும் வேலையும் ஒரே கேள்வி என்று அங்கே ஒரு சர்க்கார் கண்டது. இங்கே இரண்டுக்கும் வேறு வேறு ஆபீஸ்!

மிச்சமிருக்கும் புல்லுக்குள் புகும் இளஞ்சீகையை முதலில் வேரோடு பிடுங்க வேண்டும். முளைக்க முளைக்கப் பத்து இருபது ஆண்டு விடாமல் பிடுங்க வேண்டும். ஒருமுறை வெட்டிப் பில் வாங்கிப் போகும் காண்டிராக்டுக்கு இந்த வேலை ஆகாது. மலையிலேயே வாழும் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலையாக, சட்டக் கூலியோடு கொடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதைத் தோடரும் மற்ற மலை ஜனங்களும் உட்கார்ந்த கிராம சபை சொல்ல வேண்டும்; 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தை ஏட்டிலே தந்திருக்கிறது. வெட்டிய மரத்தில் விறகு முதலில் மலை ஏழைகளுக்கு, பிறகுதான் காகித ஆலைக்கு. அதுவும் பகிரங்க விலையில்.

கோவை மில் தொழிலாளர்களும் பவானி, வைகைப் பாசனத்து விவசாயத் தொழிலாளர்களும் வரும் சங்க மாநாடுகளில் கூலி உயர்வுத் தீர்மானத்துக்கு அடுத்த தீர்மானமாக இதை எழுதி, சர்க்காருக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.